சளி விடும் வரை

ஓய்வு பெற்ற ஆண் நர்ஸை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. ஊசி போடத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் அதிசயமாக, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்தே டீ சாப்பிட வரச்சொல்லி அழைப்பு வந்தது. ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் புது மெஷின் ஒன்று வாங்கி, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து உட்கார வைத்திருந்தார்கள். நோயாளியின் மூக்கில் குச்சி விட்டு எடுத்து அதற்குள் போட்டால், என்ன வைரஸ் என்று பெயர் சொல்லிவிடுமாம்.

"மத்தியானச் சோத்துக்குள்ள ரிசல்ட் வந்துருமுங்கண்ணா" என்றாள் ஒரு சின்ன நர்ஸ். "இதெல்லாம் இல்லாம தொண்ணூறுகள்ல ட்ரான்ஸ்பிளான்ட் கேஸையெல்லாம் எப்பிடிங்க சமாளிச்சீங்க?"

"பயந்து பயந்துதான் அம்மிணி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது அந்தப் பிரிவில் ஒரு வழக்கம். நிஜத்தைத்தான் சொன்னேன் என்று விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் சமோசா வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஆனைமலைப் பக்கத்துக்காரன். பன்னிரண்டாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து எல்லாக் கல்லூரிகளும் கதவைச் சாத்தின. நர்சிங் பள்ளியில் மட்டும் ஆண்களுக்கான இடத்துக்கு ஆள் கிடைக்காமல் திறந்து வைத்திருந்தார்கள். வகுப்பு முழுக்கப் பெண்கள். கனமான நோயாளியைக் கட்டில் மாற்ற வேண்டும் என்றால் மட்டும் என் பெயர் ஞாபகம் வரும். அப்படியே கோயமுத்தூர் வந்து, வார்டு வார்டாக உருண்டு, எலும்பு மஜ்ஜை மாற்றும் பிரிவு புதிதாகத் தொடங்கியபோது அதற்குள் போய் விழுந்தேன்.

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. காரணம் என் மூக்கு. அளவிலும் பெரிது, தூசி ஒவ்வாமையும் உண்டு. மில் பஞ்சு, ரோட்டுப் புழுதி, புதுத் துணி, பழைய ஃபைல், எது பக்கத்தில் வந்தாலும் தும்முவேன். இந்தப் பிரிவிலோ தும்மல் என்றால் குலை நடுக்கம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு முதலில் மருந்து கொடுத்து நோயை அடக்குவார்கள். அது அடங்கியிருக்கும் இடைவெளியில், இன்னும் கடுமையான மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை முழுசாக அழித்துவிட்டு, கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜையை ஏற்றுவார்கள். புதுசு வேர் பிடிக்கும்வரை அந்த உடம்பில் காவலுக்கு ஒருவருமில்லை. நமக்கு மூக்கு ஒழுகிவிட்டுப் போகிற ஒரு சாதாரணச் சளி, அந்த நேரத்தில் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் அதற்கு எங்களிடம் மருந்து கிடையாது. குச்சியில் எடுத்து வெளியூருக்கு அனுப்பினால், ரிசல்ட் வருவதற்குள் நோயாளி ஒன்று பிழைத்திருப்பார், இல்லை போயிருப்பார்.

எங்கள் தலைமை டாக்டர் வசுந்தரா. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதைதான் ஏறும். சாதாரண நாளில் நான் தாமு. கொஞ்சம் தப்பு நடந்தால் தாமோதரன். அதற்கு மேல் போனால் தாமோதரன் சார். "தாமோதரன் சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றால் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம்.

தினமும் காலையில் பிரிவின் வாசலில் அவரே நிற்பார். டாக்டரோ துப்புரவுப் பணியாளரோ, உள்ளே போகிற ஒவ்வொருவரும் கையைக் காட்ட வேண்டும், கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டும், பிறகு "மாமனார் ஊட்டு மாம்பழம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் மாமனார் பாபனார் ஆகிவிடுவார். பாபனார்காரர்களுக்கு அன்று வேறு வார்டில் வேலை.

நான் வாரத்தில் பாதி நாள் பாபனார்தான். "இது அலர்ஜிங்க மேடம், ஒட்டாதுங்க" என்பேன்.

"உங்க மூக்குக்கு அது தெரியுமுங்க தாமோதரன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

கடைசியில், அடைத்த அறைக்குள் நான் போகவே வேண்டாம் என்று முடிவு செய்து, காத்திருக்கிற நோயாளிகளை என் பொறுப்பில் விட்டார். நோய் அடங்கி, மாற்று சிகிச்சைக்குத் தேதி வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கச் சந்துகளில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். வேளைக்கு ஒரு தடவை மொபெட்டில் போய், வாசலில் நின்றபடியே காய்ச்சல் பார்ப்பது, யார் வந்தார்கள், யாருக்குச் சளி என்று விசாரிப்பது என் வேலை. விசாரிப்பது சுலபம். வருகிறவர்களைத் தடுப்பதுதான் முடியாத காரியம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வேன் பிடித்துப் பார்க்க வரும். வராமல் இருந்தால் அடுத்த விசேஷத்தில் பேச்சு நின்றுவிடும். "ஒரு எட்டுப் பாத்துப்போட்டுப் போயர்றமுங்க" என்று வாசலில் நிற்கிறவர்களிடம் கையை விரித்து மறித்துவிட்டு, அவர்கள் கொண்டுவந்த இளநியைக் குடித்துக்கொண்டு நின்றவன் நான்.

இந்தக் கெடுபிடியெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரிய வைத்தவர் பல்லடத்துக்காரர் ஒருவர். விசைத்தறி வைத்திருந்தார். லேசான சளியோடு உள்ளே போனார். தேதி கொடுத்தாயிற்று, தம்பி தயாராக இருக்கிறான், சளிதானே என்று எல்லோருமே நினைத்தோம். மருந்து ஏற்றி ரத்த அணுக்கள் விழுந்ததும் அந்தச் சளி மார்புக்குள் இறங்கியது. அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வசுந்தரா மேடம் யாருடைய சளியையும் 'லேசான' என்று சொன்னதில்லை.

இதற்குப் பிறகுதான் கோகிலா வந்தாள்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா சின்னச்சாமிக்கு வெங்காயமும் மக்காச்சோளமும். கோகிலாவுக்கு நோய் அடங்கியிருந்தது. அண்ணன் பிரபுவின் மஜ்ஜை அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. சிக்கல் என்னவென்றால் பிரபுவுக்கு ஏற்கெனவே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மஜ்ஜை எடுத்தால் பையனுக்குப் பலம் போய்விடும் என்று யாரோ பெண் வீட்டாரைப் பயமுறுத்த, முதலில் தாலி, பிறகு மஜ்ஜை என்று பேசி முடித்திருந்தார்கள். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் நின்று செய்கிற சீர். கோகிலா போக வேண்டும் என்றாள். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

"பெரியப்பா மகள் ஒருத்தி நிக்கலாமுங்க" என்றார் சின்னச்சாமி, மகளைப் பார்க்காமல்.

"நா உசுரோட இருக்கறப்ப எதுக்குங்கப்பா இன்னொருத்தி?" என்றாள் கோகிலா.

"மண்டபத்துக்குப் போக வேண்டாமுங்க. சீரு இங்க வரட்டும்" என்றார் மேடம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், கோகிலா தங்கியிருந்த வீட்டு மொட்டை மாடியில், திறந்த வெளியில் சீர். கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்கள்தான் வரலாம். படிக்கட்டு வாசலில் காவல் நான். வேன் வந்து நின்றது. ஒவ்வொருவராக நிறுத்திக் கழுத்தைத் தொட்டு, மாமனார் ஊட்டு மாம்பழம் சொல்ல வைத்தேன். மறுநாள் நிஜமாகவே மாமனார் கிடைக்கப் போகிற பிரபு வெட்கப்பட்டுச் சொன்னான், சுத்தமாக இருந்தது. கடைசியாக அருமைக்காரர் இறங்கினார். சீர்களை முன்னின்று நடத்திக்கொடுக்கிற பெரியவர். அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சிவந்த மூக்கு. இறங்கியதும் ஒரு தும்மல்; துண்டால் துடைத்துவிட்டு இன்னொன்று.

"ஏனுங்க பெரியவரே, சளிங்களா?"

"சன்னக் காத்துங்க தம்பி. வேன்ல சன்னலோரம் உக்காந்து வந்தனுங்க. ஒண்ணுமில்லீங்."

அருமைக்காரரைத் திரும்பிப் போகச் சொல்வது எங்கள் பக்கத்தில் கோயில் தேரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்வது மாதிரி. சின்னச்சாமி தரையைப் பார்த்தார். பிரபு என்னைப் பார்த்தான். முடியாது என்று சொல்வதற்காக நான் வாயைத் திறந்தேன். "ஒரு டீ சாப்புடறீங்களா?" என்று வந்தது.

டீ வந்தது. நிதானமாகக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுப் படியில் கால் வைத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"பெரியவரே, இதுக்கு மேல வந்தீங்கன்னா நான் உங்க கால்ல உளுந்துருவனுங்க. படியில உளுந்தா ரண்டு பேருமு உருண்டுருவோம்."

படியில் வைத்த காலை எடுத்தார். "அந்தப் புள்ளைக்கு ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க."

"இதை மொதல்லயே சொல்லிப்போட்டா ஆச்சுங்களே. எதுக்குங்க டீ?"

அவர் நடுரோட்டுக்குப் போய், வேனுக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்தார். "பிரபு கண்ணு, கெழக்க பாத்து நில்லு! அம்மிணி, சேலை முனையக் கையில புடிச்சுக்க! உடப்படாது!" கீழேயிருந்து அவர் சொல்லச் சொல்ல மேலே சீர் நடந்தது. காய்கறி வண்டிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். எதிர்வீட்டு மாடியெல்லாம் ஆட்கள். கூறைச்சேலையின் ஒரு முனை பிரபுவிடம், மறுமுனை கோகிலாவிடம். முடி கொட்டிய தலையில் ஸ்கார்ஃப், முகத்தில் துணி மாஸ்க், கண் மட்டும் தெரிந்தது. சேலை முழு நீளத்துக்கு விறைப்பாக நிற்கும்படி, அவள் அண்ணனை விட்டுத் தள்ளியே நின்றாள்.

பெரியவரைப் படியில் நிறுத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை. ஆனால் அவர் தாராபுரத்திலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் பிரபுவின் பக்கத்து சீட்டில் வந்திருந்தார்.

கல்யாணம் முடிந்து, நான் இல்லாத வேளையில் தங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு, சில நாளில் ரத்தப் பரிசோதனைக்கு வந்த பிரபு "பாபனார் ஊட்டு பாப்பழம்" என்றான். நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு கோகிலாவின் அறைக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல் பாதியில் நின்றது. மூக்கைப் பிடித்து அமுக்கியிருக்கிறாள்.

"சளியா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா. தூசிங்க. உங்களுக்கு வருமே, அதாட்ட."

என்னைப் பற்றிய கேலியை அதுவரை யாரும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்ததில்லை.

இன்னும் இரண்டு நாளில் அவள் உள்ளே போயிருக்க வேண்டும். மேடம் தேதியை ரத்து செய்தார். சின்னச்சாமி கைகூப்பியபடியே சண்டைக்கு வந்தார்.

"சளிதானுங்களே டாக்டரம்மா. எங்கூர்ல சளிக்கு ஆராச்சு வேலைய நிறுத்துவாங்களா? இத்தன நாளா 'நோய் அடங்கியிருக்கறப்பவே செஞ்சு போடோணும், தள்ளிப்போட்டா திரும்பிருமு'ன்னு சொன்னது நீங்கதானுங்க?"

"நாந்தானுங்க."

"திரும்பிருச்சுன்னா?"

"திரும்பலாமுங்க. காத்திருந்தா நோய் திரும்பலாம். காத்திருக்காம உள்ள போனா சளி மாரப் புடிச்சுக்கும். ரண்டுல எதுல பொழைக்கறதுக்கு வாய்ப்பு அதிகமோ அதுலதான் நிக்கறேன். எனக்குத் தெரிஞ்சு சொல்லலீங்க, பாத்ததை வெச்சுச் சொல்றேன்."

இடைப்பட்ட காலத்துக்குக் கொஞ்சம் மருந்து கொடுத்து நோயைப் பிடித்து வைக்கலாமா என்று இன்னொரு டாக்டர் கேட்டார். கொடுத்தால் சளியோடு சண்டை போட இருக்கிற அணுக்களும் போய்விடும் என்று மேடம் மறுத்துவிட்டார். ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பது. அதைவிடக் கடுமையான சிகிச்சையை நான் பார்த்ததில்லை.

சளி தொண்டைக்கு இறங்கியது. காய்ச்சல் ஏறியது. அவளைத் தனி அறையில் சேர்த்தோம். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற கருவி அப்போது எங்கள் பிரிவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் டிபன் பாக்ஸில் வைத்துப் பூசாரி தீபாராதனைத் தட்டு கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் போவேன். மூச்சை எண்ணுவேன். பல்லடத்துக்காரரின் எண்ணிக்கை எனக்கு மனப்பாடம் என்பதால், ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைத் தொடாமல் நின்றதும்தான் நானே மூச்சு விட்டேன். பிரபு தன் சளியோடு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தினமும் வந்து உட்கார்ந்திருப்பான். "என்னாலதானுங்களாண்ணா?" என்பான். "உன்னால இல்ல, வேன் சீட்டால" என்பேன்.

காய்ச்சல் விட்ட பிறகுதான் நிஜமான பயம் வந்தது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மேடம் கோகிலாவின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் அவரே பார்ப்பார். அப்போது மேஜைக்கடியில் ஒரு காலின் செருப்பைக் கழற்றி விடுவது அவர் வழக்கம். நான் பின்னால் நின்று செருப்பைப் பார்ப்பேன். அது கழன்று கிடக்கும்வரை பயமில்லை. அன்று பார்த்துக்கொண்டே இருந்தவர், மெதுவாகக் காலை நீட்டிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"என்னங்க மேடம்?"

இன்னொரு கண்ணாடி கேட்டார். அதையும் பார்த்தார். "பெரிய பெரிய செல்லுங்க. புதுசா வந்திருக்கு."

"திரும்பிருச்சுங்களா?"

"சளியோட சண்டை போட்ட வெள்ளணுவும் இப்பிடித்தான் உப்பிப்போயிக் கெடக்கும். அதுவா இதுவான்னு ரத்தத்துல சொல்ல முடியாதுங்க. மஜ்ஜைய எடுத்துப் பாக்கோணும்."

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கும்போது கோகிலாவின் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் இறுகின. வெளியே சின்னச்சாமி. அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினேன். அவரும் மழையைப் பற்றியே பேசினார். கதவு திறந்து மேடம் வந்தார். செருப்பில்லாத காலோடு வராந்தா வரைக்கும் நடந்து வந்துவிட்டிருந்தார். "நோய் இல்லீங்க. சண்டை போட்ட செல்லுதான்" என்றார். சின்னச்சாமி மழையைப் பற்றி இன்னும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

இனி சளி முழுசாக விட்டதா என்று தெரிய வேண்டும். மூக்கு காய்ந்துவிட்டது. எக்ஸ்ரே சுத்தம். ஆனால் மார்புக்குள் உறுத்தல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கேட்டால் கோகிலா இல்லை என்றுதான் சொல்வாள். இருமலை அடக்குவதில் அவள் டிகிரி வாங்கிவிட்டிருந்தாள். மேடம் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "தாமு, ஒரு ஜோக் சொல்லுங்க" என்றார்.

"இப்பங்களா?"

"சிரிச்சா மூச்சுக்குழல் உறுத்துமுங்க. உள்ள ஏதாச்சு மிச்சமிருந்தா இருமல் வந்துரும். அடக்க முடியாது. சொல்லுங்க."

இத்தனை வருடம் வேண்டாம் வேண்டாம் என்றவர்கள் மத்தியில் ஜோக் சொன்னவன் நான். முதல் தடவையாக டாக்டர் சீட்டில் எழுதாத குறையாகக் கேட்கிறார். எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு பண்ணைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தாராமுங்க. காத்தால என்ன சாப்டீங்கன்னு டாக்டர் கேட்டாராம். முட்டைங்கன்னாராம். மத்தியானம்? முட்டைங்க. ராத்திரி? கோழிங்க. ஏனுங்க திடீர்னு கோழி? அது முட்டை போடறத நிறுத்திப்போட்டுதுங்க!"

கோகிலா எதிர்பாராமல் சிரித்துவிட்டாள். சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இருமல் வந்தது, அடியிலிருந்து, நிற்காமல். மேடம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். கோகிலா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. என் ஜோக்குக்காக ஒருவர் என்னை வெறுத்தது நியாயமாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

வாடகை அறைக்குத் திருப்பி அனுப்பினோம். அடுத்த தடவை அவள் ஜாக்கிரதையாகிவிட்டாள். நான் தெரிந்த ஜோக்கையெல்லாம் கொட்டினேன். என் மூக்கைப் பற்றிச் சொன்னேன், அருமைக்காரருக்கு டீ கொடுத்ததைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள். "சிரிக்கலீன்னா உள்ள விடமாட்டனுங்க அம்மிணி" என்றார் மேடம். "நல்லால்லீங்க டாக்டர், எப்பிடிங்க சிரிக்கறது?" என்றாள் அவள். மேடம் என்னைப் பார்த்தார். அவர் அதை மறுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பரிசோதனைக்கு நான் போய்க் கூப்பிடுவதற்கு முன்னாலேயே சின்னச்சாமி வந்துவிட்டார். "பாப்பா இன்னிக்குப் பாத்தர்லாமுன்னுதுங்க." மேடம் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எனக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. பழைய கோழியையே திரும்பக் கொண்டுவந்தேன். கோழி முட்டையை நிறுத்திய இடத்தில் கோகிலா சிரித்தாள். சும்மா இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று நினைத்தபோது இன்னொரு முறை. மேடம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிப்பு ஓய்ந்தது. அறையில் சத்தமே இல்லை.

"நாளைக்கு அட்மிஷனுங்க" என்றார்.

மருந்து ஏறியது. பிரபுவின் இடுப்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஒரு சிவப்புப் பையில் வந்து, சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கியது. பிறகு அணுக்கள் விழுந்தன. வாயெல்லாம் புண். "இனி அவங்களச் சிரிக்க வெக்காதீங்க, வலிக்கும்" என்று எனக்குத் தடை போட்டார் மேடம். நான் கண்ணாடிக்கு வெளியே ஊமையாக நின்று மூச்சை எண்ணினேன். அணுக்கள் தரையைத் தொட்டுக் கிடந்த நாட்களில் அந்த எண்ணிக்கை ஒரு தடவையும் ஏறவில்லை. பிறகு ஒரு காலையில் வெள்ளணுக்கள் எட்டிப் பார்த்தன. மறுநாள் இன்னும் கொஞ்சம். பிரபுவின் மஜ்ஜை வேர் பிடித்துவிட்டது.

அன்று கோகிலா கட்டிலை விட்டு இறங்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து இன்டர்காமை எடுத்தாள். எனக்குப் பின்னால் மேடம் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"ரண்டாந்தடவ அந்தக் கோழி ஜோக்குக்கு நான் சிரிக்கலீங்க."

"பின்ன?"

"தெனமு மொட்டை மாடிக்குப் போயி ஒத்தையில நின்னு சிரிச்சுப் பாப்பனுங்க. பாதியில இருமல் வந்துரும். கீழ வந்துருவேன். என்னிக்கு முளுசாச் சிரிச்சும் இருமல் வரலியோ, அன்னிக்குத்தான் அப்பாவ அனுப்புனனுங்க. நீங்க மழையப் பத்திச் சொல்லியிருந்தாலும் சிரிச்சிருப்பேன்."

மேடம் எழுதுவதை நிறுத்தாமல், "அந்த ஜோக்குக்கு ஒருத்தங்க அப்பிடிச் சிரிக்கறப்பவே எனக்குச் சந்தேகமுங்க தாமு" என்றார்.

"இப்ப வருதா பாரு அம்மிணி" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புண் இன்னும் ஆறாத வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சிரித்துக் காட்டினாள். இன்டர்காமைக் காதோடு அழுத்திக் கடைசிவரைக்கும் கேட்டேன். சிரிப்பு மட்டும்தான் வந்தது.